வியாழக்கிழமை வயிற்றுவலி!

‘‘ஏனுங் டாக்டர், வாரத்துல மத்த நாளெல்லாம் நல்லா ஓடியாடிட்டு இருக்கறா. வியாழக்கிழமை விடிஞ்சா மட்டும் ‘அம்மா, வயிறு வலிக்குது’ங்கறா. இதென்ன காலண்டர் பாத்து வர்ற வலிங்களா?’’

நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். பக்கத்தில் மகள். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஸ்கூல் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

காலண்டர் பார்த்து வருகிற வலி உண்டு, வாசகர்களே! ஆனால் எடுத்த எடுப்பிலேயே ‘நடிக்கிறா’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் உடம்பைப் பார்த்தாக வேண்டும். நாக்கைப் பார்த்தேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தேன். பசி, தூக்கம், மலம், பூச்சித் தொந்தரவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், விடாத வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

இந்தப் பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. தொப்புளைச் சுற்றி வலிக்கும், ஸ்கூல் பஸ் போனதும் சரியாகிவிடும். அவ்வளவுதான்.

‘‘வியாழக்கிழமை ஸ்கூல்ல என்ன கண்ணு?’’

‘கணக்கு டெஸ்ட்’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது, ‘‘டிராயிங்.’’

அந்த அம்மாவே திரும்பிப் பார்த்தார். ‘‘டிராயிங்குக்கா பயப்படறே? வீட்ல எந்நேரமும் வரஞ்சுக்கிட்டுத்தானே கெடப்பே!’’

பையிலிருந்து நோட்டை எடுக்கச் சொன்னேன். பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நீளமான மலை. உச்சி கூராக இல்லை, அரிவாளால் சீவிவிட்ட மாதிரி தட்டையாக இருந்தது. கலர், கருநீலம். அடிவாரத்தில் மரவள்ளிக் காடு. அதற்கு மேலேயே சிவப்பு மையில் இரண்டு முக்கோணம், நடுவில் ஒரு சூரியன் போட்டுக் காட்டியிருந்தது. ஓரத்தில், ‘மலை பச்சை நிறம். 4/10. மறுபடி வரை.’

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை ரோட்டில் காலை நேரம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கிழக்கே கொல்லிமலை நீளமாகப் படுத்திருக்கும். மலைக்கு மேலே ஊர் இருக்கிறது, வயல் இருக்கிறது, வாழையும் மிளகும் விளைகிறது என்றால் உச்சி தட்டையாக இல்லாமல் எப்படி? தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் கற்பனை இல்லை. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று, வெளிச்சத்தில் உள்ள நீலத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கிறது. கிட்டே போகப் போகத்தான் பச்சை தெரியும்.

ஆக, அந்தக் குழந்தை வரைந்த உருவமும் சரி, நிறமும் சரி. ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்து வரைந்த பெண்ணுக்கு நாலு மார்க். மலையைப் பார்க்காமலே இரண்டு முக்கோணம் போட்ட பிள்ளைகளுக்கு எட்டோ ஒன்பதோ கிடைத்திருக்கும்!

அந்த ஆசிரியரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பீரியட், அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். நாற்பது நிமிஷத்தில் நாற்பத்தைந்து நோட்டு! எந்த மனுஷனும் ‘குட்’ போட்டுத்தான் தள்ளுவான். அரசுப் பள்ளிகளின் நிலைமையைப் பாருங்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் மாதிரியான பாடங்களுக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஆரம்பத்தில் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். ஃப்ரீ ஹேண்ட், மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் பரீட்சை எல்லாம் எழுதிவிட்டு வந்தவர்கள் அவர்கள். கை தேர்ந்தவர்களுக்கு நேரத்தைக் கொடுக்கவில்லை நாம்.

ஆனாலும் ஒரு விஷயத்தை வைத்தியனாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் உடம்பு சரியில்லை என்று என்னிடம் வந்து உட்காருகிறீர்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு சீட்டில் ‘10-க்கு 6’ என்று எழுதி நீட்டினால் என்ன செய்வீர்கள்? ‘இந்த ஆளுக்கு என்ன ஆச்சு’ என்று எழுந்து போய்விட மாட்டீர்களா? ஆறு என்றால் எது ஆறு? மீதி நாலு எங்கே போச்சு? ராத்திரி என்ன சாப்பிடணும்? ஒன்றுமே தெரியாதே! ‘வெரி குட்’ என்று எழுதிக் கொடுத்தாலும் கதை அதுதான்.

சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறக்கணும். மூத்திரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது பாம்பு மாதிரி நீளுகிறதா, மோதிரம் மாதிரி வளையமாகிறதா, முத்து மாதிரி நிற்கிறதா என்று உற்றுப் பார்க்கிற வழக்கமும் எங்களிடம் உண்டு. நவீன சோதனைகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அதன் பலாபலனைப் பற்றித் தர்க்கம் பண்ணலாம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு சொட்டு எண்ணெயின் வடிவத்துக்கே அவ்வளவு நேரம் கண் கொடுக்கணும் என்று நினைத்தவர்கள் நம் ஆட்கள். ஒரு குழந்தை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வரைந்த படத்துக்கு நாம் ஒரு நிமிஷம்கூடக் கொடுப்பதில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, குணபாடத்துக்கு மூலிகைகளைப் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டு வைக்கணும். நான் கொஞ்சம் நன்றாகவே வரைவேன் என்று எனக்கு ஒரு கர்வம். கீழாநெல்லியை ரொம்ப அழகாக வரைந்திருந்தேன். இலைக் காம்பின் மேலே முத்து முத்தாகக் காய். ஷேடிங் எல்லாம் கொடுத்து ஜமாய்த்திருந்தேன்!

பேராசிரியர் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மார்க் போடவில்லை. ‘நல்லாருக்கு’ என்றும் சொல்லவில்லை, ‘நல்லால்லே’ என்றும் சொல்லவில்லை. ‘‘காய் இலைக்கு மேல இருக்கா, கீழ இருக்கா? போய்ப் பாத்துட்டு வாங்க’’ என்றார். அவ்வளவுதான்.

ஹாஸ்டலுக்குப் பின்னால் ஈரத்தரையில் கீழாநெல்லி மண்டிக் கிடக்கும். குனிந்து ஒரு கொப்பைத் திருப்பிப் பார்த்தேன். காயெல்லாம் அடிப்பக்கம் வரிசையாகத் தொங்குகிறது! பேரிலேயே ‘கீழ்’ இருக்கிறதே, மடையா, என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவர் ‘தப்பு’ என்று அடித்துவிட்டு, பக்கத்தில் சரியான படத்தைப் போட்டுக் கொடுத்திருந்தால் நான் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருப்பேன். செடியைப் போய்ப் பார்த்திருக்க மாட்டேன். இன்றைக்கும் சேலத்து நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டை எடுத்தால் என் விரல் தானாக இலையைத் திருப்பிப் பார்க்கிறது.

அவருடைய அந்தக் கேள்வியில் மூன்று சங்கதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவர் என் படத்தை நிஜமாகவே பார்த்திருக்கிறார். குறை எந்த இடத்தில் என்று தொட்டுக் காட்டியிருக்கிறார். திருத்துகிற வேலையை என் கையிலேயே விட்டுவிட்டார்.

இது ஏதோ பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைக்காதீர்கள். மார்கழி மாசம் வாசலில் கோலம் போடக் கற்றுக்கொடுக்கிற பாட்டியைப் பாருங்கள். பேத்தியின் கோலத்தைப் பார்த்து ‘அஞ்சு மார்க்’ என்றா சொல்கிறார்? ‘‘இங்க ஒரு புள்ளிய விட்டுட்டே பாரு’’, ‘‘கம்பி இந்த மூலையில சேரலையே, எந்தப் பக்கம் திருப்பினே?’’ என்பார். பேத்தி அந்த மூலையை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். நம் வீட்டு வாசலில் இருக்கிற இந்தப் பழக்கம் ஸ்கூல் வாசலோடு நின்றுபோனது ஏன்?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டராக இருக்கிற ஒருவர் தோள்பட்டை வலிக்காக என்னிடம் எண்ணெய் வாங்க வருவார். அவரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், தொழில் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று. ‘‘எங்க மேஸ்திரி என் கோட்டு மேல அவரு பிரஷ்ஷை வெக்கவே மாட்டாருங்க. பக்கத்துல ஒரு பலகையில அவரு ஒண்ணு இழுத்துக் காட்டுவாரு. அப்புறம், ‘உன் கோடு இந்த எடத்துல நடுங்கியிருக்கு, மூச்சு விட்டியா?’ம்பாரு’’ என்றார். எவ்வளவு நுட்பம் பாருங்கள்! நடுக்கத்துக்குக் காரணம் கையில் இல்லை, மூச்சில் என்பதை மேஸ்திரி கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு வைத்தியனாக நான் பொறாமைப்பட்ட இடம் இது.

மார்க்கும் ஸ்டாரும் கொடுத்தால் பிள்ளைக்கு உற்சாகம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று மனோதத்துவ நிபுணர்கள் 1973-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு படம் வரைகிற குழந்தைகளைப் பற்றியதுதான். ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த நர்சரிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், ‘வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சர்டிபிகேட் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் பேனாவையும் பேப்பரையும் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அதைத் தொட்டார்கள். வரைவது விளையாட்டாக இருந்தது போய் கூலி வேலை ஆகிவிட்டது! எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற பெண்மணி 1988-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று. அது ஓவியம் பற்றியது இல்லை, ஆனாலும் பொருந்தும். சில பிள்ளைகளுக்கு மார்க் மட்டும், சிலருக்கு அவரவர் செய்ததைப் பற்றி எழுதிய நாலு வார்த்தை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். வார்த்தை மட்டும் கிடைத்த பிள்ளைகள்தான் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். மார்க்கும் வார்த்தையும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மார்க் இருந்தால் வார்த்தை எடுபடுவதில்லை. நம் வீட்டிலும் அப்படித்தானே? ரேங்க் கார்டு வந்தால் கண் முதலில் எங்கே போகிறது?

நம்ம சேலம், நாமக்கல் சீமைக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டிய சமாசாரம். முட்டை, லாரி, அதற்கடுத்து ப்ளஸ் டூ மார்க் என்று பேர் வாங்கிய ஊர் நாமக்கல். ‘பிராய்லர் ஸ்கூல்’ என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுகிற அளவுக்குப் போனது. அரசாங்கமே 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில் சந்தித்தாலும் ‘‘பையன் எத்தனை மார்க்குங்க?’’தான். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஜெயித்து மாநிலம் வரை போகிற பிள்ளைகளைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டியில் மூன்று பேருக்குத்தான் பரிசு. பாக்கி நாற்பத்திரண்டு பேருடைய படத்தை யார் பார்த்துச் சொல்வது?

இதே மண்ணில், மோகனூரில் 1888-ல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை. 1949-ல் அரசவைக் கவிஞரானவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கவிஞராகப் பேர் வாங்குவதற்கு முன்னால் அவர் ஓர் ஓவியர், மனிதர்களின் உருவப்படம் வரைந்து சம்பாதித்தவர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, வீட்டில் நாம் என்ன செய்வது?

முதலில், வயதைப் பார்க்க வேண்டும். ரெண்டு வயதில் குழந்தை கிறுக்குவது கிறுக்கல்தான். அதில் உருவம் தேடாதீர்கள். நாலு வயதில் தலையிலிருந்தே கையும் காலும் முளைத்த மனிதன் வருவான். ‘வயிறு எங்கேடா?’ என்று கேட்டு மானத்தை வாங்காதீர்கள், தானாக வரும். ஆறு, ஏழு வயதில் சுவருக்குள்ளே இருக்கிற ஆயாவும் வெளியே தெரிவார், வீட்டைவிட அம்மா பெரிசாக இருப்பாள். அதெல்லாம் தப்பே இல்லை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947-ல் எழுதிய புத்தகத்தில் இப்படிப் படிப்படியாக விவரித்திருக்கிறார். கறுப்புக் கலர் அடித்தால் மனசில் ஏதோ கோளாறு என்று ஜோசியம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். கறுப்பு கிரேயான் மட்டும் உடையாமல் மிச்சம் இருந்திருக்கும்!

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஒன்பது, பத்து வயதில். அப்போதுதான் பிள்ளைக்குத் தன் படத்தையும் நிஜத்தையும் ஒப்பிடத் தெரிகிறது. ‘எனக்கு வரைய வராது’ என்று நோட்டை மூடிவைத்துவிடுகிற வயசு அது. நாமகிரிப்பேட்டைப் பெண்ணுக்கு அந்த வயசுதான். அந்த நேரத்தில் ‘சூப்பர் கண்ணு, சூப்பர்!’ என்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொல்வதால் பிரயோஜனம் இல்லை. பொய் என்று அதற்கே தெரியும். டி.வி.யை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் நோட்டைப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். ‘‘மலைக்கு ரெண்டு நீலம் அடிச்சிருக்கே, ஏன்?’’ என்று கேட்டால் போதும், பத்து நிமிஷம் பேசும். குறை சொல்வதாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்று. எல்லா மருந்தையும் ஒரே வேளையில் கொடுத்தால் எது வேலை செய்தது என்று எனக்கே தெரியாது! ஒரு வார்த்தையில் சொல்லிவிடாமல், போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி சொல்லுங்கள். ‘‘மாட்டுக்கு முழங்கால் எந்தப் பக்கம் மடங்குது? கட்டுத்தறில போய்ப் பாரு.’’ தயவுசெய்து, குழந்தையின் படத்துக்கு மேலே உங்கள் பேனாவை வைக்காதீர்கள். காட்டித்தான் ஆகணும் என்றால் வேறு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள், லாரி பட்டறை மேஸ்திரி மாதிரி.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. (வைத்தியனுக்கு இது தேவையா என்று கேட்டுவிடாதீர்கள்.) வாரத்துக்கு ஐந்து நோட்டை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்த்து ரெண்டு வரி எழுதுங்கள். ஒன்பது வாரத்தில் நாற்பத்தைந்து பிள்ளையும் வந்துவிடும். மீதி நோட்டுகளைச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் பிள்ளைகளே ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துச் சொல்வார்கள். ‘நல்லாருக்கு’, ‘நல்லால்லே’ என்ற இரண்டு வார்த்தையையும் அன்றைக்கு மட்டும் தடை பண்ணிவிடுங்கள், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். வேடிக்கையாகவும் இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் மருந்து எதுவும் தரவில்லை. அவள் அம்மாவிடம், ‘‘டீச்சர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. காலையில ஏழு மணிக்கு மலை எப்படி இருக்குன்னு செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டுப் போய் நோட்டோட சேத்துக் காட்டுங்க’’ என்றேன். போயிருக்கிறார். அந்த ஆசிரியை வேறு ஊரிலிருந்து வருகிறவராம். பஸ்ஸில் இத்தனை நாள் ஜன்னல் பக்கம் உட்கார இடம் கிடைத்ததில்லை என்று சிரித்தாராம். நாலு மார்க்கை மாற்றினாரா என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரெண்டு மாசம் கழித்து, இருமல் என்று திரும்ப வந்தார்கள். வயிற்றுவலி? ‘‘எப்பவாச்சும் வருதுங்க, முன்ன மாதிரி இல்லீங்க’’ என்றார். மகள் ஒரு பேப்பரை நீட்டினாள். என் வைத்தியசாலை! அலமாரி, கல்வம், எண்ணெய் பாட்டில்கள். நடுவில் நான் ஒரு பாட்டியம்மாளுக்கு நாடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழுக்கையைக்கூட விடவில்லை. ‘சூப்பர்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு பார்த்தேன். பாட்டியின் மணிக்கட்டில் என் விரல் இரண்டுதான் இருந்தது. நாடிக்கு மூன்று விரல் வைப்போம், வாதம், பித்தம், கபம் மூன்றுக்கும்.

‘‘நான் எத்தனை விரல் வெச்சுப் பாக்கறேன், கண்ணு?’’

கையை நீட்டினாள். நாடி பார்த்தேன். தன் மணிக்கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரப்பர் கேட்டாள்.